சிறு காலிபர் வைல்ட்கேட் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்குப் புல்வெளி மாநிலங்களில் பிரேரி நாய், தரை அணில், ஓநாயின் சிறிய உறவான கயோட்டி போன்றவற்றைச் சுடுவதற்கென்று தனியாக ஒரு ரைஃபிள் செய்துகொள்ள நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கூடு என்னும் பித்தளை உறை, நெருப்பு மூட்டும் கேப்பு, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததையே தோட்டா என்கிறேன். குண்டைப் பிடித்திருக்கும் கூட்டின் வாய்ப்பகுதி கழுத்து; உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு தோள். காலிபர் என்பது குழல் துளையின் அளவு. குழலிலிருந்து பறந்து போவது குண்டு மட்டுமே. எடைகளைக் கிரெய்னில் குறித்திருக்கிறேன். 15.4 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு கிராம்.

வைல்ட்கேட் தோட்டா என்றால் என்ன?

பெயரைப் பார்த்துக் காட்டுப்பூனையைத் தேட வேண்டாம். ஒரு தோட்டாவின் நீள அகலங்கள் என்ன, அது எவ்வளவு அழுத்தத்தைத் தாண்டக் கூடாது என்பவற்றை அமெரிக்காவில் வகுத்து வெளியிடுவது 1926-இல் தொடங்கப்பட்ட தயாரிப்பாளர் சங்கம் ஒன்று. அதன் சுருக்கப்பெயர் சாமி. தமிழ்க் காதுக்குச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும். ஐரோப்பாவில் இந்த வேலையை சி.ஐ.பி. செய்கிறது. இப்படி எந்தப் பட்டியலிலும் ஏறாமல், ஏற்கெனவே உள்ள ஒரு தோட்டாவின் கூட்டை யாரோ ஒருவர் தம் பட்டறையில் குறுக்கியோ நீட்டியோ தோளை மாற்றியோ உருவாக்கிக்கொண்ட தோட்டாதான் வைல்ட்கேட். அதைக் கடையில் பெட்டியாக வாங்க முடியாது. ஒவ்வொன்றையும் கையால் நிரப்பியாக வேண்டும்.

எவற்றைச் சுடுவதற்கு இது பயன்படுகிறது?

பயிருக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் கால்நடைக்கும் கேடு விளைவிப்பவை என்று கருதப்படும் விலங்குகளை அங்கே வார்மிண்ட் என்பார்கள். கிழக்கு மாநிலங்களில் அது வுட்சக் என்ற பருத்த தரை அணில். தெற்கு டகோட்டா, வயோமிங், மொன்டானா புல்வெளிகளில் பிரேரி நாய். பிரேரி நாய் உண்மையில் நாயன்று. கூட்டமாக வளை தோண்டி வாழும் அணில் இனம். ஆபத்தைக் கண்டால் குரைப்பதுபோல் ஒலி எழுப்புவதால் அந்தப் பெயர் வந்தது. ஆள் நடமாட்டம் பழகிப்போன கூட்டமானால் நூறு மீட்டரிலேயே தென்படும். ஒருமுறை சுடப்பட்ட கூட்டமானால் முந்நூறு மீட்டருக்கு இப்பால் தலையைக்கூடக் காட்டாது. தோட்டாவைப் பற்றிய எல்லாக் கணக்கும் இந்தத் தூரத்திலிருந்துதான் தொடங்குகிறது.

கடையில் கிடைக்கும் தோட்டாக்கள் போதாவா? எதற்காக வைல்ட்கேட்?

பெரும்பாலோருக்குப் போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

வைல்ட்கேட் ஒரு காலத்தில் தேவையாக இருந்தது. 1920-களின் இறுதியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையைச் சுற்றியிருந்த டவுன்சென்ட் வீலன் முதலிய ஆர்வலர்கள், கறுப்பு மருந்துக் காலத்துப் பழைய .22 வின்செஸ்டர் கூட்டில் புதிய மருந்தை நிரப்பிச் சோதித்தார்கள். அதுவே .22 ஹார்னெட் ஆனது. 1930-இல் வின்செஸ்டர் நிறுவனம் அதைத் தொழிற்சாலைத் தோட்டாவாக வெளியிட்டது. .250 சாவேஜ் கூட்டின் கழுத்தை .22 அளவுக்குக் குறுக்கியவர்கள் 1930-களிலிருந்தே .22-250-ஐச் சுட்டு வந்தார்கள். 1963-இல், அது இன்னும் வைல்ட்கேட்டாக இருக்கும்போதே, பிரௌனிங் நிறுவனம் அதற்கு ரைஃபிள் செய்து விற்றது. 1965-இல் ரெமிங்டன் தோட்டாவையும் தன் பெயரில் கொண்டுவந்தது. ஆக, இன்றைய தொழிற்சாலைத் தோட்டாக்களில் பல நேற்றைய வைல்ட்கேட்டுகள்தாம்.

இதன் விளைவு என்னவென்றால், வைல்ட்கேட்காரர்கள் மட்டும் அனுபவித்து வந்த இடைவெளிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுவிட்டன. .20 காலிபரில் ஆர்வலர்கள் தனியாகத் திரிந்துகொண்டிருந்த இடத்தில் 2004-இல் .204 ரூகர் வந்து உட்கார்ந்தது. .17 மாக் ஃபோர் என்ற வைல்ட்கேட் செய்து வந்த வேலையை 2007-இல் .17 ரெமிங்டன் ஃபயர்பால் எடுத்துக்கொண்டது. .17 அக்லி ஹார்னெட்டின் இடத்தை 2012-இல் ஹார்னடி நிறுவனத்தின் .17 ஹார்னெட் நிரப்பியது. எனவே ஒரு வைல்ட்கேட்டின் மீது கண் விழுந்தால், அதற்கு நெருங்கிய உறவாகக் கடையில் எது இருக்கிறது, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு களத்தில் தெரியுமா என்று முதலில் பாருங்கள். நொடிக்கு இருபது முப்பது மீட்டர் வேக வேறுபாட்டைப் பிரேரி நாய் உணர்வதில்லை.

.17, .20, .22 ஆகிய மூன்றில் எந்தக் காலிபர்?

பெயர்கள் அங்குலக் கணக்கில் உள்ளவை. குண்டின் உண்மையான விட்டம் .17-இல் 4.37 மி.மீ., .20-இல் 5.18 மி.மீ., .22-இல் 5.69 மி.மீ. வேறுபாடு நகக்கண் அளவுகூட இல்லை. ஆனால் குணம் முற்றிலும் வேறு.

.17-இன் பெருமை வேகமும் உதைப்பின்மையும். 1971-இல் வந்த .17 ரெமிங்டன் 25 கிரெய்ன் குண்டை நொடிக்கு ஏறக்குறைய 1,230 மீட்டர் வேகத்தில் அனுப்பியது. .17 ஃபயர்பால் அதைவிட மிகக் குறைந்த மருந்தில் 20 கிரெய்ன் குண்டுக்கு 1,220 மீட்டர் வேகம் தருகிறது. துப்பாக்கி அசையவே அசையாது. ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குண்டு விழும் இடம் தெரியும். இருநூறு மீட்டருக்குள் இதைப்போல் இன்பம் தரும் தோட்டா வேறில்லை என்பேன். அதற்கு அப்பால் காற்று அதன் எசமானன் ஆகிவிடும்.

.22-இன் பெருமை கிடைப்பது எளிது என்பது. குண்டு வகைகள் ஏராளம், குழல் செய்யாதவர் எவரும் இல்லை, விலையும் குறைவு.

.20 இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் அரைகுறை என்று சிலர் ஒதுக்குவார்கள். எண்கள் வேறு கதை சொல்கின்றன. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் திறனை பாலிஸ்டிக் குணகம் என்ற எண்ணால் அளக்கிறார்கள். எண் பெரிதானால் குண்டு வேகத்தை இழப்பதும் காற்றில் ஒதுங்குவதும் குறையும். ஒரே நிறுவனத்தின் ஒரே குண்டு வரிசையை எடுத்துக்கொள்வோம். ஹார்னடியின் வி-மேக்ஸ் வரிசையில் .17-க்கான 20 கிரெய்ன் குண்டின் குணகம் 0.185; .22-க்கான 40 கிரெய்ன் குண்டுக்கு 0.200; .22-இல் பரவலாகப் பயன்படும் 55 கிரெய்ன் குண்டுக்கு 0.255. .20-க்கான 40 கிரெய்ன் குண்டுக்கு 0.275. அதாவது, எடையில் 15 கிரெய்ன் குறைந்த குண்டு, குறைந்த மருந்தில், குறைந்த உதைப்பில், பெரிய .22 குண்டைவிடக் காற்றை நன்றாகத் தாங்குகிறது. என்னிடம் ஒரே ஒரு காலிபர் என்று கேட்டால் .20 என்பேன், இந்தப் பத்தியில் உள்ள எண்களே அதற்குக் காரணம்.

வேகம் அதிகமாக இருப்பது நல்லதுதானே? பெரிய கூட்டைத் தேர்ந்தெடுத்தால் என்ன?

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். மான் வேட்டைக்காரர் ஒரு நாளில் ஒரு குண்டு சுடுவார். பல நாள் அதுவும் இராது. பிரேரி நாய்க் கூட்டத்தின் முன் ஒரு நாள் முழுவதும் உட்காருபவர் சில நூறு குண்டுகள் சுடுவார். ஆகவே இங்கே குழலின் சூடுதான் முதல் கணக்கு.

சுடும்போது எரியும் மருந்தின் நெருப்பு, குழல் தொடங்கும் இடத்தில் உள்ள உட்புற மரையை ஒவ்வொரு முறையும் சிறிது தின்கிறது. சிறிய துளைக்குப் பின்னால் பெரிய கூட்டை வைத்தால், அவ்வளவு நெருப்பும் அந்தக் குறுகிய வாயில் வழியாகத்தான் போக வேண்டும். 1935-இல் 48 கிரெய்ன் குண்டை நொடிக்கு 1,250 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அனுப்பி உலகை வியக்கவைத்த .220 ஸ்விஃப்ட், குழலைத் தின்னும் தோட்டா என்ற பழியைச் சுமந்ததற்கு இதுவே காரணம். அந்தப் பழியில் ஒரு பங்கு, சூடான குழலை ஆறவிடாமல் சுட்டவர்களுடையது. இருந்தாலும் நெருப்பின் கணக்கு நெருப்பின் கணக்குத்தான்.

வெயில் ஏறிய பிறகு இன்னொரு தொல்லையும் வரும். குழலிலிருந்து எழும் அனல் ஸ்கோப்பின் முன்னால் நெளிந்து, எதிரே நிற்கும் விலங்கைத் தண்ணீருக்கடியில் உள்ளதுபோல் ஆட்டிக் காட்டும். .22-250 வைத்திருப்பவர் பத்துப் பதினைந்து குண்டுக்கு ஒருமுறை துப்பாக்கியை நிழலில் சாய்த்துவிட்டுக் காத்திருக்கும்போது, அதில் ஏறக்குறைய பாதிக் கொள்ளளவே உள்ள .221 ஃபயர்பால் கூட்டிலிருந்து பிறந்த .20 வார்டார்க் வைத்திருப்பவர் சுட்டுக்கொண்டே இருப்பார். மாலையில் யார் கணக்கில் அதிகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எந்தக் கூட்டை அடிப்படையாகக் கொள்வது?

சிறு வைல்ட்கேட்டுகளில் பெரும்பாலானவை 1950-இல் வந்த .222 ரெமிங்டன் குடும்பத்தைச் சேர்ந்தவை. அடிப்பகுதியின் விட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றே; நீளந்தான் வேறு. .221 ஃபயர்பால் 35.6 மி.மீ., .222 ரெமிங்டன் 43.2 மி.மீ., .223 ரெமிங்டன் 44.7 மி.மீ. .223 இராணுவத்திலும் பொதுமக்களிடமும் பரவியிருப்பதால் அதன் கூடு மலிவாகவும் மலை மலையாகவும் கிடைக்கும். அதன் கழுத்தை .20-க்குக் குறுக்கினால் .20 பிராக்டிகல். பெயருக்கேற்ற சிக்கனம்: கூடு தேடி அலைய வேண்டாம்.

.221 ஃபயர்பால் கூடு அவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. .223 கூட்டை வெட்டிக் குறுக்கி அதைச் செய்துகொள்ளலாம் என்பார்கள், செய்யலாம்தான். ஆனால் .223-இன் உடல் சுவர், கழுத்துச் சுவரைவிடத் தடிமனானது. வெட்டிய பின் உடலாக இருந்த பகுதி கழுத்தாக மாறுவதால் புதிய கழுத்து தடித்துவிடும். அதைக் கடைந்து மெலிதாக்காமல் குண்டு வைத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் ஏற்றினால், குண்டை விடுவதற்குக் கழுத்து விரிய இடமிருக்காது. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். நூறு கூடுகளின் கழுத்தை ஒவ்வொன்றாகக் கடைந்து, மைக்ரோமீட்டரில் அளந்து ஓர் இரவைக் கழித்த பிறகுதான், கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் கூட்டின் விலை எனக்கு அவ்வளவு அதிகமாகத் தோன்றவில்லை.

முதல்முறை வைல்ட்கேட்டுக்குள் நுழைபவருக்கு எது ஏற்றது?

.22 கே-ஹார்னெட். லைசில் கில்பர்ன் என்பவர் 1940-இல் உருவாக்கியது. சாதாரண .22 ஹார்னெட் கூட்டின் சரிவான உடலை நிமிர்த்தி, தோளைக் கூர்மையாக்கிச் சற்றுக் கூடுதல் இடம் உண்டாக்குவதே அதன் சூத்திரம். கே-ஹார்னெட் அறை வெட்டிய ரைஃபிளில் கடையில் வாங்கிய .22 ஹார்னெட் தோட்டாவை அப்படியே சுடலாம். சுடும்போது கூடு விரிந்து அறையின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். வெளியே வரும் கூடு கே-ஹார்னெட் கூடு. நிரப்பி வைத்தது தீர்ந்துவிட்டால் கடைத் தோட்டாவை வாங்கி வேட்டையைத் தொடரலாம். ஆழம் பார்க்கக் காலை விடுபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான படித்துறை கிடையாது. துப்பாக்கிப் பட்டறைக்காரர் பி.ஓ. அக்லியின் பெயரில் வழங்கும் 'இம்ப்ரூவ்டு' வகைகளும் இதே தத்துவத்தில் அமைந்தவைதாம்.

கழுத்தின் அளவே மாறும் வைல்ட்கேட்டுகளில் இந்த வசதி இல்லை. அவற்றுக்குக் குறுக்கும் அச்சுகள் தனியாக வேண்டும்.

.17 காலிபரில் தொல்லைகள் அதிகம் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. தொடக்க காலத்துக் குழல்களும் குண்டுகளும் இன்றுள்ள அளவுக்குச் சீராக இல்லை. சில குண்டுகளிலேயே குழலுக்குள் செம்பு படிந்து குறி சிதறும். இன்றைய குழல்களில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் துடைக்கும் கம்பி மெல்லியதாக இருப்பதால் சற்று அழுத்தினாலே வில்லாக வளையும். வளைந்த கம்பி மரையை உரசும்.

அதைவிட எரிச்சலூட்டுவது மருந்து நிரப்புதல். அந்தக் கழுத்துக்கென்றே உள்ள சிறு புனலில் குச்சி குச்சியாக உள்ள மருந்தைக் கொட்டினால், இரண்டு மூன்று துணுக்குகள் குறுக்கே விழுந்து வழியை அடைத்துக்கொள்ளும். எல்லாம் இறங்கிவிட்டது என்று நினைத்துப் புனலைத் தூக்கினால் பாதி மருந்து மேசையில் சிதறும். மேசையில் சிதறினாலாவது கண்ணுக்குத் தெரியும். புனலிலேயே தங்கிய மிச்சம் அடுத்த கூட்டில் போய் விழுந்தால் அந்தத் தோட்டாவில் அளவு கூடிவிடும். எனவே .17 நிரப்புபவர் உருண்டை மணியாக உள்ள மருந்தை நாடுவதும், நிரப்பிய கூடுகளை வரிசையாக நிறுத்தி விளக்கடியில் ஒவ்வொன்றின் மட்டத்தையும் பார்த்த பின்பே குண்டு வைப்பதும் நல்லது.

எவ்வளவு மருந்து நிரப்ப வேண்டும்?

அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். தொழிற்சாலைத் தோட்டாவுக்குச் சோதனைக்கூடத்தில் அளந்த கையேடுகள் உண்டு. சில புகழ்பெற்ற வைல்ட்கேட்டுகளுக்கும் குண்டுத் தயாரிப்பாளர்களின் கையேடுகளில் இடம் உண்டு. மற்றவற்றுக்கு இல்லை. மேலும், ஒரே பெயரில் வழங்கும் வைல்ட்கேட்டுக்கு இரண்டு பேர் செய்த ரீமர்கள், அதாவது அறையை வெட்டும் கருவிகள், இரண்டு அளவில் இருக்கலாம். ஒருவருடைய அறையில் மிதமாக இருந்த அளவு இன்னொருவருடைய அறையில் மீறிப் போகும். கையேட்டில் அச்சான தரவு இல்லாத தோட்டாவைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதே என் விடை. பிறருடைய தோட்டாவை உங்கள் துப்பாக்கியில் போடவும் வேண்டாம்.

குழலின் முறுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

மரை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் எடுத்துக்கொள்கிறது என்பதே முறுக்கு. நீளமான குண்டுக்கு விரைவான முறுக்கு, அதாவது சிறிய எண், தேவை. தொழிற்சாலை .204 ரைஃபிள்களில் பெரும்பாலும் 12 அங்குலம். 32 கிரெய்னுக்கு அது போதும். 40 கிரெய்னும் அதற்கு மேலும் சுடுபவர் 11 கேட்டு வாங்குவது உத்தமம்.

ஈயமில்லாக் குண்டுகளை நினைத்துத்தான் இப்போது முறுக்கை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஈயத்தைவிட அடர்த்தி குறைந்த பொருள்களால் செய்யப்படுவதால், அதே எடைக்கு அவை நீண்டுவிடுகின்றன. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்தக் காட்டுயிரை வேட்டையாடவும் ஈயக் குண்டு கூடாது. சுடப்பட்டுப் புல்வெளியில் கிடக்கும் பிரேரி நாயைக் கழுகும் பருந்தும் தின்னும்போது, பொடியாகச் சிதறிய ஈயமும் அவற்றின் வயிற்றுக்குள் போகிறது. சட்டம் இல்லாத மாநிலத்திலும் அது கழுகுக்கு நஞ்சுதான்.

இதே துப்பாக்கி கயோட்டிக்கும் உதவுமா?

தோலை விற்பவர்கள் .17-ஐ விரும்புவதுண்டு, உள்ளே சிதறி வெளியே ஓட்டையிடாமல் நின்றுவிடுவதால் தோல் கிழியாது. ஆனால் 20 கிரெய்ன் குண்டு தோள் எலும்பில் பட்டால் மேற்பரப்பிலேயே உடைந்து, விலங்கு காயத்தோடு ஓடிவிடக்கூடும். தோளுக்குப் பின்னால் விலாவில் வைத்துச் சுடும் பொறுமை இல்லாதவர் 40 கிரெய்ன் .20-க்கோ 50 கிரெய்ன் .22-க்கோ போவதே அந்த விலங்குக்குச் செய்யும் மரியாதை.

வைல்ட்கேட்டுக்கே உரிய ஆபத்து ஏதேனும் உண்டா?

உண்டு, அது கூட்டின் அடியில் அச்சாகியிருக்கும் பொய். உங்கள் .20 பிராக்டிகல் கூட்டைத் திருப்பிப் பாருங்கள். பித்தளை வட்டத்தில் '.223 ரெமிங்டன்' என்றே பொறித்திருக்கும். நீங்கள் கழுத்தை மாற்றியது அந்த எழுத்துக்குத் தெரியாது. ஒரே மேசையில் .223 துப்பாக்கியும் இருந்தால், அவசரத்தில் ஒன்று மற்றொன்றில் போய்விடும். .300 ஒயிஸ்பர் என்ற வைல்ட்கேட்டின் வழியில் வந்து 2011-இல் சாமி பட்டியலில் ஏறிய .300 பிளாக்அவுட் தோட்டாவை .223 குழலில் ஏற்றிச் சுட்டுத் துப்பாக்கி வெடித்த நிகழ்வுகள் பல. இரண்டும் ஒரே தாய்க் கூட்டின் பிள்ளைகள் என்பதால் வந்த வினை அது. குழலின் மேல் தோட்டாவின் முழுப் பெயரைப் பொறிக்கச் சொல்லுங்கள். தோட்டாப் பெட்டிகளுக்குத் தனி நிறம் வையுங்கள். ஒரே நாளில் உறவுக்காரத் துப்பாக்கிகள் இரண்டைக் களத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

உரிமமும் பருவமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். யூட்டா பிரேரி நாய் நடுவணரசின் பாதுகாப்புப் பெற்ற இனம். அதைச் சுடலாம் என்று எண்ணவே கூடாது. பிரேரி நாயையே உணவாகக் கொண்ட, கீரி போன்ற கருங்கால் ஃபெரட் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1981-இல் வயோமிங்கின் மீட்டீட்சி அருகே மீண்டும் கண்டறியப்பட்டது. அதை மறுபடி விட்டு வளர்க்கும் தெற்கு டகோட்டாவின் கொனாட்டா பேசின் போன்ற பகுதிகளில் பிரேரி நாயைச் சுடத் தடை உண்டு.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பணி விசா, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது நடுவணரசுச் சட்டப்படி குற்றம். ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. கிரீன் கார்டு பெற்றவருக்கு அந்தத் தடையே பொருந்தாது. இந்தியாவிலோ 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை.

எந்த வரிசையில் வாங்குவது?

பெரும்பாலோர் முதலில் துப்பாக்கியைச் சொல்லிவிட்டுப் பிறகு மற்றவற்றைத் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் கூடு, குழலின் ஆயுள் முழுவதற்கும் போதுமான அளவு, முடிந்தால் ஒரே தொகுதியிலிருந்து. அடுத்து குண்டு. பிறகு அச்சுகள், சொல்லிச் செய்ய வேண்டிய அச்சு வந்துசேர மாதங்கள் ஆகலாம். இவையெல்லாம் கைக்கு வந்த பின், குண்டு வைத்த மாதிரித் தோட்டா ஒன்றைக் கேப்பும் மருந்தும் இல்லாமல் செய்து, துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் கொடுத்து, இதற்கேற்ப அறையையும் கழுத்து இடைவெளியையும் வெட்டுங்கள் என்று சொல்லுங்கள். அவர் பயன்படுத்தும் ரீமரின் வரைபடத்தில் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை துப்பாக்கியை விற்க நேர்ந்தால், அந்த ஒற்றைத் தாள் இல்லாத வைல்ட்கேட்டுக்குக் குழல் கழற்றிய விலைதான் கிடைக்கும்.